கைப்பிடி ஏன் பின்னால் சுற்றுகிறது?



கெமாஸ் வட்டாரத் தோட்டங்களில் ஓய்வு நாள் வந்துவிட்டால் தூண்டில் கம்புகளும் வெளியே வந்துவிடும். செம்பனைக் காட்டுக் கான்கள், தோட்டத்துக் குளங்கள், மூவார் ஆற்றங்கரை என்று அவரவர்க்குப் பிடித்த இடம் ஒன்று இருக்கும். பொழுதுபோக்குத்தான் என்று சொன்னாலும், மாதக் கடைசியில் குழம்புச் சட்டிக்கு ஒரு விராலோ கெளுத்தியோ வந்து சேர்ந்தால் வேண்டாம் என்று சொல்லும் வீடு எதுவும் இல்லை. முன்பெல்லாம் ஒரு மூங்கில் கம்பு, கொஞ்சம் நரம்பு, ஒரு முள், இவை போதும். இன்று பெரும்பாலும் கம்போடு ஒரு ரீலும் இருக்கிறது. நம் மலாய் நண்பர்கள் இதையே ‘மெசின்’ என்பார்கள்.

இந்த ரீலைப் பற்றி நம்மிடம் வந்து சொல்லப்படும் குறை பல நேரங்களில் ஒன்றாகவே இருக்கிறது. “வாத்தியாரே, மீன் இழுத்தா கைப்பிடி பின்னால சுத்துது. ரீல் போயிடுச்சு போல!” என்பார்கள். நல்ல ரீல் ஒன்றின் விலை ஒரு நாள் கூலிக்கு மேலேயே இருக்கும். அதைக் குப்பையில் போட்டுவிட்டு இன்னொன்று வாங்குவது நம் குடும்பங்களுக்கு எளிதான காரியமா? அதுமட்டுமல்ல. பெரிய மீன் இழுக்கும்போது திடீரென்று பின்னால் சுழலும் கைப்பிடி, விரல் முட்டியைப் பதம் பார்த்துவிடும். தோமான் மீன் 10 கிலோவுக்கு மேலும் வளரக்கூடியது. அப்படிப்பட்ட மீன் இழுக்கும்போது பிள்ளையின் கை அங்கே இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே, கைப்பிடியைப் பின்னோக்கிச் சுழலவிடாமல் தடுக்கும் அந்தச் சிறு உறுப்பைப் பற்றி இன்று நாம் பேசுவோம். அதை எப்படிக் காப்பது, தேய்ந்துவிட்டால் எப்படி மாற்றுவது என்பதையும் பார்ப்போம். ஒரு செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கெட்டுவிட்டது என்று நாம் நினைக்கும் ரீல்களில் பல உண்மையில் கெடவில்லை. அவற்றுக்குள் கிரீஸ் அதிகமாகிவிட்டது, அல்லது அழுக்கு அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

இந்த உறுப்பின் தத்துவம் நமக்குப் புதியதல்ல. வீட்டில் உள்ள சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதிகட்டையை முன்னோக்கிச் சுற்றுங்கள். பின்சக்கரம் சுழலும். மிதிகட்டையை நிறுத்திவிட்டாலும் சக்கரம் ‘டிக் டிக்’ என்ற ஓசையோடு தொடர்ந்து சுழலும். சங்கிலி ஓடும் பல்லுக்குள் இருக்கும் ஃப்ரீவீல் செய்யும் வேலை அது. ஒரு திசையில் பிடிக்கும். மறு திசையில் விட்டுவிடும். அதற்குள் பல் வெட்டிய வளையமும், பற்களில் மாட்டிக்கொள்ளும் சிறு கொக்கிகளும் இருக்கின்றன.

இங்கே ஒரு சுவையான உண்மையையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளலாம். ஜப்பானில் சக்காய் என்னும் நகரில் 1921ஆம் ஆண்டு ஷிமானோ என்ற இரும்புப் பட்டறை தொடங்கப்பட்டது. அது செய்த முதல் பொருள் சைக்கிள் ஃப்ரீவீல்தான். அதே நிறுவனம் 1970ஆம் ஆண்டில் தூண்டில் கருவிகள் செய்யும் துறையிலும் இறங்கியது. நமக்குப் பக்கத்து மாநிலமான ஜொகூரில், பொந்தியான் வட்டாரத்திலும் அதற்குத் தொழிற்சாலை உண்டு. கடையில் ரீல் வாங்கும்போது அடிப்பகுதியைத் திருப்பிப் பாருங்கள். ‘மலேசியாவில் செய்யப்பட்டது’ என்று பொறித்த ரீல்கள் உங்கள் கண்ணில் படும். ஃப்ரீவீலில் தொடங்கியவர்கள் ரீலுக்கு வந்ததில் வியப்பில்லை. ஒரு பக்கம் மட்டும் சுழல விடுவது என்னும் தேவை இரண்டுக்கும் பொது.

பழைய ரீல்களில் இருந்ததும் ஃப்ரீவீலைப் போன்ற பற்சக்கரமும் கொக்கியும்தான். அது உறுதியானது, எளிதில் கெடாது. ஆனால் ஒரு குறை உண்டு. பற்சக்கரத்தில் 12 பற்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முழு வட்டத்தின் 360 பாகையை 12ஆல் வகுத்தால் 30 வரும். அதாவது, கொக்கி அடுத்த பல்லில் விழுவதற்குள் கைப்பிடி 30 பாகை வரை பின்னால் போகலாம். மீன் கடித்த நொடியில் கம்பை வெட்டி இழுக்கிறோம் அல்லவா? அந்த வேகத்தில் ஒரு பகுதி இந்த ஆட்டத்திலேயே வீணாகிவிடும். முள் மீனின் வாயில் சரியாகப் பதியாமல் போகவும் கூடும்.

இந்த ஆட்டத்தை ஒழிப்பதற்காக, 1990களில் இருந்து ரீல்களில் பரவலாக வந்ததுதான் ஒருவழிப் பேரிங். சாதாரண பேரிங் இரு பக்கமும் சுழலும். இது ஒரு பக்கம் மட்டுமே சுழலும். மறுபக்கம் திருப்பினால் அந்த இடத்திலேயே கல்லாக நின்றுவிடும்.

அது எப்படி நிற்கிறது? ஓர் எஃகு வளையத்தை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அதன் உட்சுவர் முழு வட்டமாக இருக்காது. சிறு சிறு சரிவுகளாக அமைந்திருக்கும். ஒவ்வொரு சரிவிலும் தீக்குச்சித் தடிப்பில் ஓர் எஃகு உருளை படுத்திருக்கும். அந்த உருளையைச் சரிவின் குறுகிய பக்கமாக மெல்லத் தள்ளிக்கொண்டு ஒரு சிறு ஸ்பிரிங் இருக்கும். நடுவே, கைப்பிடித் தண்டின்மேல் வழுவழுப்பான எஃகுக் குழல் ஒன்று மாட்டப்பட்டிருக்கும். கைப்பிடியை முன்னோக்கிச் சுற்றும்போது குழல், உருளைகளைச் சரிவின் அகலமான பக்கத்துக்குத் தள்ளுகிறது. அங்கே இடம் இருப்பதால் எல்லாம் தாராளமாகச் சுழல்கிறது. பின்னோக்கித் திருப்பினாலோ உருளைகள் குறுகிய பக்கத்துக்கு உருண்டு, குழலுக்கும் வளையத்துக்கும் நடுவே ஆப்பு வைத்ததுபோல் இறுகிவிடுகின்றன.

தோட்டத்து லாரியை மேட்டில் நிறுத்தும்போது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை வைப்பதை நாம் பார்த்திருக்கிறோம். லாரி கீழே நகர முயன்றால் சக்கரம் கட்டையின்மேல் ஏறி இன்னும் இறுகும். மேல்நோக்கி நகர்த்தினால் கட்டை தானாகவே விடுபடும். பேரிங்குக்குள் நடப்பதும் இதுதான். மீன் எவ்வளவு பலமாக இழுக்கிறதோ அவ்வளவு பலமாக உருளைகளும் இறுகும்.

அதே முட்டுக்கட்டையின் மீது கொழகொழவென்று சேற்றையோ எண்ணெயையோ பூசி வைத்தால் என்ன ஆகும்? கட்டை வழுக்கும், லாரி நழுவும். ரீலுக்குள் கிரீஸ் அதிகமானால் நடப்பதும் அதுவே. அந்தச் சிறு ஸ்பிரிங்குக்கு மிகக் குறைந்த பலமே உண்டு. கெட்டியான கிரீஸுக்குள் உருளையை நகர்த்த அதனால் முடியாது. நகர்ந்தாலும், குழலின்மேல் படிந்த கிரீஸ் உருளையைப் பற்றவிடாமல் வழுக்கிவிடும். பல்சக்கரங்களுக்குக் கிரீஸ் வேண்டும் என்பது உண்மை. அதை நம்பி, நல்லெண்ணத்தோடு எல்லா இடத்திலும் கிரீஸை அப்பிவிடுகிறோம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். ஒருவழிப் பேரிங்கைப் பொறுத்தவரை கிரீஸ் கொஞ்சமாக இருந்தாலும் நஞ்சுதான்.

மற்றக் காரணங்களும் உண்டு. நாள்பட்ட எண்ணெய் கோந்துபோல் இறுகிவிடும். கான் தண்ணீரின் சேறும், போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போய் வந்தால் உப்பும் உள்ளே புகுந்து துருவை உண்டாக்கும். நீண்ட நாள் உழைப்பில் குழலின் மேற்புறம் கீறல் விழும், ஸ்பிரிங்குகள் தளரும், உருளைகளைத் தாங்கும் பிளாஸ்டிக் கூடு வெடிக்கும். இந்தக் கடைசி மூன்றுக்கும் மாற்றுவதுதான் வழி. மற்றவற்றுக்குச் சுத்தம் செய்தாலே போதும்.

இனி, குறை எங்கே என்று கண்டுபிடிக்கும் முறையைப் பார்ப்போம். கம்பின் கீழே தொங்கும் ஸ்பின்னிங் ரீல்கள் பலவற்றில், உடம்பின் அடியிலோ பின்புறத்திலோ ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். அதைத் தள்ளினால் கைப்பிடி இரு பக்கமும் சுற்றும். பிள்ளைகள் விளையாட்டாகத் தள்ளிவிட்டிருப்பார்கள். நாம் ரீல் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுவோம். ஆகவே முதலில் அதைப் பாருங்கள்.

அடுத்து, கைப்பிடியை மெல்லப் பின்னோக்கித் திருப்புங்கள். பிறகு சட்டென்று திருப்புங்கள். இரண்டு முறையும் உடனே நின்றால் பேரிங் நலமாக இருக்கிறது. ஒரு முறை நின்று மறுமுறை நழுவினால் உள்ளே அழுக்கோ கிரீஸோ இருக்கிறது என்று கொள்ளலாம். கொஞ்சம் பின்னால் போய் ‘டக்’ என்று நின்றால் அதற்கு வேறு பொருள் உண்டு. சில ரீல்களில் ஒருவழிப் பேரிங்கோடு பழைய கொக்கியையும் துணைக்கு வைத்திருப்பார்கள். பேரிங் கைவிட்டுவிட்டது, கொக்கி மட்டும் தாங்குகிறது என்பது அதன் பொருள். மீன் பிடிக்க முடிகிறதே என்று அதை அப்படியே விட்டுவிடக் கூடாது.

சுத்தம் செய்யும் முறைக்கு வருவோம். கம்பின் மேலே உட்காரும் பேட்காஸ்டிங் ரீலை எடுத்துக்கொள்வோம். மேசைமேல் வெள்ளைத் துணி ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். கழற்றும் ஒவ்வொரு பொருளையும் இடமிருந்து வலமாக வரிசையாக வையுங்கள். ஒவ்வொரு படியிலும் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால், மீண்டும் பூட்டும்போது தடுமாற வேண்டியதில்லை. முதலில் கைப்பிடியின் நட்டைக் கழற்றவேண்டும். பெரும்பாலும் 10 மி.மீ. ஸ்பேனர் பொருந்தும். இடக்கையால் சுற்றும் ரீலாக இருந்தால் அந்த நட்டு எதிர்ப்புறம் திருப்பிக் கழற்றும்படி இருக்கும். இது தெரியாமல் பலங்கொண்ட மட்டும் திருகித் தண்டின் புரியை அழித்துவிடக் கூடாது.

கைப்பிடி, அதன் கீழுள்ள நட்சத்திரச் சக்கரம், கிண்ணம்போல் வளைந்த வாஷர்கள் ஆகியவற்றை எடுங்கள். வாஷர்களின் குழிந்த பக்கம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து வருவது நாம் சொன்ன எஃகுக் குழல். அதைச் சும்மா பிடித்து இழுக்காதீர்கள். கைப்பிடி முன்னோக்கிச் சுழலும் திசையில் மெல்லத் திருப்பிக்கொண்டே வெளியே எடுத்தால் உருளைகள் விட்டுக்கொடுக்கும். திரும்ப மாட்டும்போதும் அப்படியே. பிறகு பக்கத்து மூடியைக் கழற்றினால், மூடிக்குள் ஒருவழிப் பேரிங் அமர்ந்திருப்பது தெரியும். சுத்தம் செய்வதற்கு அதை மூடியிலிருந்து வெளியே எடுக்கத் தேவையில்லை.

ஸ்பின்னிங் ரீலில் இந்தப் பேரிங் சுழல்தலைக்குக் கீழே இருக்கும். ஸ்பூலை எடுத்து, நடுவிலுள்ள நட்டைக் கழற்றிச் சுழல்தலையைத் தூக்கினால் தெரியும். சில ரீல்களில் இந்த நட்டும் எதிர்ப்புறம் கழலும். இறுக்கமாக வந்தால் பலத்தைக் காட்டாமல் மறுபுறம் முயன்று பாருங்கள். இந்த வகையில் உருளைகளும் ஸ்பிரிங்குகளும் தனித்தனியாக இருக்கலாம். முழுக் கூட்டையும் நேராகத் தூக்கி, நேராகவே கீழே வையுங்கள். கவிழ்த்தால் ஸ்பிரிங்குகள் தெறித்துவிடும். பிறகு சிமெண்டுத் தரையில் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

முதலில் வெளியே தெரியும் கிரீஸைத் துணியால் துடையுங்கள். பிறகு மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் சிறு தூரிகையை நனைத்து உருளைகளுக்கு நடுவே கழுவுங்கள். துடைத்த துணியில் கறை வராத வரை இரண்டு மூன்று முறை செய்யலாம். கையில் இருக்கிறதே என்று பெட்ரோலையோ தின்னரையோ எடுக்காதீர்கள். அவை பிளாஸ்டிக் கூட்டைக் கெடுக்கக் கூடும். வீட்டுக்குள் தீயையும் அழைத்து வரும். ஆல்கஹாலும் எளிதில் தீப்பற்றக் கூடியதே. ஆதலால் இந்த வேலையைக் காற்றோட்டமுள்ள வெளித் திண்ணையில் செய்யுங்கள். அடுப்பு, சாமி விளக்கு, கொசுவத்தி, சிகரெட் எதுவும் பக்கத்தில் இருக்கலாகாது. சிறு பிள்ளைகள் பார்க்கட்டும். ஆனால் புட்டியைத் தொடவேண்டாம்.

கழுவியதை ஒரு மணி நேரம் காற்றில் உலரவிடுங்கள். எஃகுக் குழலையும் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நகத்தை அதன்மேல் ஓட்டினால் வழுக்கிக்கொண்டு போகவேண்டும். பள்ளமோ துருப்புள்ளியோ நகத்தில் தட்டினால் குழலையும் மாற்ற வேண்டியிருக்கும்.

உலர்ந்த பின் மெல்லிய எண்ணெய் ஒரே ஒரு துளி போதும். தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய் பொருத்தமானது. ஊசி முனையில் தொட்டு உருளைகளின்மேல் வையுங்கள். துரு வராமல் காப்பதற்கு அந்த அளவு போதும். சமையலறைத் தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுப்பாகிவிடும். மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் எஞ்சின் எண்ணெய் இதற்குத் தடிப்பு அதிகம். பல்சக்கரங்களுக்குக் கிரீஸ் தடவும்போது அது பேரிங்கின் பக்கம் வழிந்துவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் பூட்டிய பின், முன்பு செய்த சோதனையை மறுபடியும் செய்யுங்கள். மெல்லவும் சட்டென்றும் திருப்பும்போது கைப்பிடி உடனே நின்றால் உங்கள் ரீல் பிழைத்துவிட்டது. நன்றாகக் கழுவி உலர்த்திய பிறகும் நழுவுகிறது என்றால்தான் மாற்றவேண்டும்.

மாற்றுவதற்கு முதலில் வேண்டியது அளவு. ரீலின் அடியில் பொறித்துள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்குரிய உதிரிப் பாகத்தையே கேட்டு வாங்குவது மிகப் பாதுகாப்பு. அது கிடைக்காதபோது மூன்று அளவுகள் தேவை: உள்ளே செல்லும் குழலின் விட்டம், பேரிங்கின் வெளிவிட்டம், அதன் அகலம். அறிவியல் பாடத்தில் பிள்ளைகள் கையாளும் வெர்னியர் காலிப்பர் இதற்கு உதவும்.

பொதுவாக விற்கப்படும் ஒருவழிப் பேரிங் வகை ஒன்றின்மேல் எச்.எஃப். என்ற எழுத்துகளும் நான்கு எண்களும் இருக்கும். எச்.எஃப். 0612 என்றால் முதல் இரண்டு எண்கள் உள்ளே செல்லும் தண்டு 6 மி.மீ. என்பதையும், கடைசி இரண்டு எண்கள் அகலம் 12 மி.மீ. என்பதையும் குறிக்கும். இதன் வெளிவிட்டம் 10 மி.மீ. அதுபோல் எச்.எஃப். 0812 என்றால் தண்டு 8 மி.மீ.; அகலம் 12 மி.மீ.; வெளிவிட்டமும் 12 மி.மீ. எல்லா ரீல்களிலும் இந்தப் பொது அளவுகள் இருப்பதில்லை. தமக்கென்று தனி அளவில் செய்யும் நிறுவனங்களும் உண்டு. ஆகவே அளக்காமல் வாங்கக் கூடாது. கெமாஸிலோ சிகாமட்டிலோ கடையில் கேட்பதானாலும், இணையக் கடையில் வாங்குவதானாலும் இந்த மூன்று எண்களையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பேரிங்கை எடுக்குமுன் அதன் எந்த முகம் வெளியே பார்க்கிறது என்று படம் எடுத்துக்கொள்வது மிக மிக அவசியம். புதியதைத் திருப்பி வைத்துவிட்டால் கைப்பிடி பின்னோக்கி மட்டும் சுற்றும், முன்னோக்கிச் சுற்றாது! சில ரீல்களில் இரண்டு திருகாணிகளைக் கழற்றினாலே பேரிங் கையோடு வந்துவிடும். வேறு சிலவற்றில் அது மூடியின் துளைக்குள் இறுக்கி அழுத்தப்பட்டிருக்கும். அந்த வகையைச் சுத்தியலால் தட்டி ஏற்றக் கூடாது. பேரிங்கின் வெளிவளையம் மெல்லிய தகடு. ஓர் அடியில் வட்டம் கோணிவிடும். வெளிவிட்டத்துக்குச் சரியான சாக்கெட் ஒன்றை வைத்து, வைஸில் மெல்ல நேராக அழுத்தவேண்டும். வைஸ் இல்லையென்றால் மோட்டார் சைக்கிள் பட்டறைக்காரரிடம் கொடுத்தால் அவருக்குச் சில நிமிட வேலை. மூடியின் துளையிலேயே வெடிப்பு இருந்தால் புதிய பேரிங்கும் வழுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூடியைப் பூட்டுவதற்கு முன்பே குழலை உள்ளே விட்டு விரலால் திருப்பிப் பாருங்கள். சரியான பக்கம் சுழன்று, மறுபக்கம் நிற்கவேண்டும். இந்த ஒரு சோதனை, முழுவதையும் மறுபடி கழற்றும் வேலையை மிச்சமாக்கும். மிக மலிவான ரீலாக இருந்து, பேரிங்கின் விலையும் அஞ்சல் செலவும் ரீலின் விலையை நெருங்கினால், மாற்றுவதில் பொருளில்லை. அந்த ரீலைப் பிள்ளைகள் கழற்றிப் பழகுவதற்குக் கொடுத்துவிடலாம். அவர்களுக்கு அதைவிட நல்ல பாடப்பொருள் கிடைக்காது.

வந்தபின் பார்ப்பதைவிட வருமுன் காப்பது எளிது அல்லவா? முள், தண்ணீருக்கடியில் மரக்கட்டையில் மாட்டிக்கொண்டால் கம்பையும் ரீலையும் கொண்டு முறுக்கி இழுக்காதீர்கள். அந்தப் பளு முழுவதும் தீக்குச்சித் தடிப்புள்ள உருளைகளின் மேல்தான் விழும். நரம்பை ஒரு தடித்த குச்சியில் சுற்றிக்கொண்டு, குச்சியைப் பிடித்து நேராக இழுங்கள். நரம்பு வெறுங்கையை அறுத்துவிடும், எச்சரிக்கை. கடலுக்குப் போய் வந்தால், இழுவைப் பிடியை இறுக்கி வைத்து, ரீலின் வெளிப்புறத்தை நல்ல தண்ணீரில் மெல்ல நனைத்துத் துடையுங்கள். குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்தால் உப்பும் மணலும் உள்ளேதான் போகும். சேற்றோடு ரீலைப் பைக்குள் போட்டு மூடி வைக்காதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறை நாம் சொன்னபடி திறந்து கழுவினால் ரீல் நெடுநாள் உழைக்கும்.

நேயர்களே, நம் வீடுகளில் உள்ள பொருள்கள் பெரும்பாலும் வியர்வை சிந்தி வாங்கியவை. ஒரு பொருள் வேலை செய்யவில்லை என்றால், அது ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு வரவேண்டும். தந்தையும் மகனும், தாயும் மகளும் ஒரு மாலைப் பொழுதில் திண்ணையில் உட்கார்ந்து ஒரு ரீலைக் கழற்றிப் பூட்டினால், வகுப்பில் படித்த உராய்வும் நெம்புகோலும் அவர்கள் கைக்குள் வந்துவிடும். வீட்டுக்கு ஒரு ரீல் மிச்சம். பிள்ளைக்கு ஒரு கைத்தொழில் தொடக்கம்.

அடுத்த முறை ரீல் நழுவினால், கிரீஸ் டப்பாவைத் தேடாதீர்கள். சுத்தமான துணியைத் தேடுங்கள்.